ஏறாத பரணுக்கு ஒரு வழிகாட்டி

சிரம்பான் பாசாருக்குப் பின்னால் இருக்கிற சாப்பாட்டுக் கடையில், ரசத்தோடு சேர்ந்து ஒரு செய்தியும் இலையில் விழுந்தது. கோலா சாவாவுக்கு அந்தப் பக்கம் ஆசாப் மலைத் தோட்டத்தில், வெள்ளைக்காரன் காலத்துக் காவல் கோபுரம் ஒன்று இருக்கிறது. வருகிறவர்களுக்கு அதைச் சுற்றிக் காட்ட ஓர் அம்மா இருக்கிறார். அந்த அம்மா பதினேழு வருடமாக அதில் ஒரு படிகூட ஏறியதில்லையாம். கீழே நின்றபடியே மேலேயிருந்து தெரிவதையெல்லாம் சொல்லிவிடுவாராம்.

"பயம் லா," என்றார் ரசம் ஊற்றியவர்.

"பயமெல்லாம் ஒண்ணுமில்ல. மேல அந்தக் காலத்துத் தொரை இன்னும் குந்தியிருக்கானாம். பொம்பளைங்கள ஏற விடமாட்டானாம்," என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"நீங்க வேற. படி தாங்காது லா. அந்தம்மா ஒடம்பு அப்படி," என்றார் மூன்றாமவர். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி அப்போது ஒரு முறை முனகியது. நான் மரியாதைக்குத் திரும்பிப் பார்க்கவில்லை.

நம் ஊரில் ஒரு வதந்திக்கு, மோர் வருவதற்குள் மூன்று காரணம் கிடைத்துவிடும். நேரில் போய்ப் பார்த்தவர் ஒருவர்தான் கிடைக்கமாட்டார். சனிக்கிழமை காலையில் காரை எடுத்தேன்.

தோட்டத்து ஜனங்கள் அதைக் கோபுரம் என்று சொல்வதில்லை. கொல்லையில் காவலுக்குப் போடுகிற பரண் மாதிரி இருப்பதால் 'தொரைப் பரண்'. மலையெல்லாம் ரப்பர் நின்ற காலத்தில், வறட்சி வந்தால் லாலாங் புல் பற்றிக்கொள்ளும். புல்லிலிருந்து தீ மரத்துக்குத் தாவும். எங்கே புகை கிளம்புகிறது என்று பார்க்க உச்சியில் நாலு இரும்புக் காலை நட்டு, எண்பத்து நாலு படி வைத்து, மேலே ஒரு பலகை மேடையும் ஒரு மணியும் வைத்தான் வெள்ளைக்காரன். கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகிறது. பிறகு ரப்பர் போனது, செம்பனை வந்தது, மணியை யாரோ பழைய இரும்புக்குப் போட்டார்கள். இரண்டாயிரத்து எட்டில் ஓர் இலாகா வந்து துருவைச் சுரண்டி, பச்சைச் சாயம் பூசி, நான்கு மொழியில் 'எச்சில் துப்பாதீர்' என்று எழுதி வைத்தது. அன்றிலிருந்து அது வரலாற்றுச் சின்னம்.

செம்மண் பாதை முடிகிற இடத்தில் காரை நிறுத்தும்போதே குரல் கேட்டது. ஆள் தெரியவில்லை, குரல் மட்டும் மலை முழுக்க நடமாடிக்கொண்டிருந்தது.

"இடது கைப் பக்கம் திரும்புங்க! இடது! அது சோத்துக் கை லா பாப்பா! ஆங்... இப்ப நேரா பாருங்க. தூரத்துல பளபளன்னு ஒரு கோடு தெரியுதா?"

மேலே, கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவில் மூன்று நாலு கல்லூரிப் பெண்களின் தலைகள் தெரிந்தன. அதில் ஒன்று குனிந்து கத்தியது. "தெரியுது ஆன்ட்டி! அது கடலா?"

"பளபளன்னு இருந்தா போர்ட்டிக்சன் கடல். சாம்பலா இருந்தா மேகம். எதுன்னு நீங்கதான் சொல்லணும், மேல இருக்கிறது நீங்கதானே!"

ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு கோபுரத்தின் காலடியில் நின்றவர்தான் புஷ்பவள்ளி. வயது ஐம்பத்தெட்டு. உடம்பு ஒரு கைப்பிடி. கைலிக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் சுற்றிய துண்டு. சாப்பாட்டுக் கடையின் மூன்றாவது காரணம் அங்கேயே செத்துப்போனது. ஒலிபெருக்கியில் 'தீமிதித் திருவிழா உபயம்' என்று எழுதியிருந்தது. எந்தக் கோயில் என்ற இடம் மட்டும் சுரண்டப்பட்டிருந்தது. நான் கேட்கவில்லை.

"வாங்க தம்பி. பசியாறிட்டீங்களா? மேல நாலு பேருக்கு மேல நிக்கக் கூடாது. அந்தப் பிள்ளைங்க எறங்கட்டும், நீங்க ஏறுங்க."

"நீங்களும் வாங்களேன் அக்கா."

"நான் வந்தா கீழ யாரு சொல்றது?" என்றார். அதில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் முதலில் தோன்றியது.

ஏறினேன். அறுபதாவது படியில் கால் கெஞ்ச ஆரம்பித்தது. உச்சிக்குப் போனதும் காற்று வந்து சட்டைக்குள் புகுந்துகொண்டது. சும்மா சொல்லக் கூடாது, வெள்ளைக்காரனுக்கு இடம் பார்க்கத் தெரிந்திருக்கிறது. வடக்கே மலை மலையாக நீலம் ஒன்றன் பின் ஒன்றாக வெளுத்துக்கொண்டே போனது. மேற்கே, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு வகிடு எடுத்துச் சீவியது போல வரிசை தப்பாத செம்பனை. அதன் முடிவில் அந்தப் பளபளக் கோடு. தெற்கே ஆலையின் புகைபோக்கியும் வெள்ளைப் புகையும். கீழேயிருந்து புஷ்பவள்ளியின் குரல் ஒவ்வொன்றாகக் கைப்பிடித்து அழைத்துப் போனது. எந்தத் திசையில் எத்தனையாவது குன்று, எந்த மரத்துக்குப் பின்னால் ஆறு வளைகிறது என்று ஓர் அங்குலம் பிசகவில்லை.

"கிழக்கே, அக்கா?" என்று குனிந்து கேட்டேன்.

ஒலிபெருக்கி கொஞ்சம் இருமியது. "அங்க ஒண்ணுமில்ல. தாமான்தான். பாத்துட்டு எறங்குங்க."

எட்டிப் பார்த்தேன். கிழக்கில் மலை செங்குத்தாக இறங்கியது. கல்லை விட்டெறிந்தால் விழும் தூரத்தில் நாற்பது ஐம்பது வீடுகள். தாமான் ஆசாப் இண்டா. தமிழில் சொன்னால் 'அழகிய புகை நகர்'. பெயர் வைத்த அதிகாரி எங்கிருந்தாலும் வாழ்க.

இறங்கி வந்தவனை அவர் விசாரித்த விதம்தான் எனக்கு இடித்தது. கடலைப் பற்றி ஒரு கேள்வி, ஆலையைப் பற்றி ஒரு கேள்வி. பிறகு, துண்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே, எங்கோ பார்த்தபடி:

"தாமான்ல மூலை வீடு ஒண்ணு, முன்னுக்கு நீலத் தகரம் போட்டிருக்கும். பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"வாசல்ல துணி காயுதா?"

"ஏதோ காய்ந்தது."

"வெள்ளையா? கலரா?"

"கவனிக்கலையே."

"கவனிக்காம என்னா பாத்தீங்க?" என்று சலித்துக்கொண்டார். கல்லூரிப் பெண்கள் கவனித்திருந்தார்கள். கலர்த்துணி மூன்று, வெள்ளை ஒன்று, வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள். புஷ்பவள்ளி அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டார். "மோட்டார் நிக்குதா. அப்ப மகன் வந்திருக்கான்," என்று தனக்குத்தானே சொன்னார்.

மெதுவாகக் கேட்டேன். "அக்கா, நீங்க மேல ஏறினதே இல்லையாமே?"

"யாரு சொன்னா?"

"சிரம்பான்ல பேசிக்கிறாங்க."

"சிரம்பான்ல வேலையில்லாதவங்க ஜாஸ்தி," என்றார். பிறகு, "முட்டி வலி," என்றார். பிறகு, "ஒரு நேர்த்திக்கடன்," என்றார். ஒரே மூச்சில் இரண்டு காரணம் சொன்னதை அவரே கவனித்துவிட்டு, ஒலிபெருக்கியின் பொத்தானைத் துடைக்க ஆரம்பித்தார்.

அவருடைய வீடு கோபுரத்துக்குப் பத்தடி தள்ளியிருந்த பழைய காவல் குவார்ட்டர்ஸ். வாசலில் அவர் கணவர் சன்னாசி லாரி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். செம்பனைக் குலை ஏற்றும் லாரி. பேச்சைச் சொட்டு சொட்டாகச் செலவழிக்கிற மனிதர். என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், டயரைப் பார்த்தார்.

"பதினோரு வருஷம் மேலதான் குந்தியிருந்தா," என்றார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

வதந்தி பாதி செத்தது. பால் விடாத தே ஓ போட்டுக் கொடுத்துவிட்டுப் புஷ்பவள்ளி மீதிப் பாதியைத் தாமே சொன்னார்.

இருபத்து நாலு வயதில் பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவரை, கண் கூர்மை பார்த்து, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் புகை பார்க்கும் வேலைக்கு ஏற்றிவிட்டார். வறட்சி மாதங்களில் விடியற்காலை ஆள் எண்ணும் பெரட்டு முடிந்ததும் நேரே பரண். கழுத்தில் தோட்டத்துத் தொலைநோக்கி, கையில் மணிக்கயிறு. சமையல் புகை எது, சருகு எரிக்கும் புகை எது, லாலாங் புகை எது என்று நிறத்தை வைத்தே சொல்வார். பதினோரு வறட்சியில் ஏழு தீ கண்டுபிடித்தார். ஒரு தடவை மட்டும் தப்பு மணி. கணக்கெழுதும் கிராணி வீட்டில் மீன் வறுத்திருக்கிறார்கள்.

இரண்டாயிரத்து இரண்டில் தோட்டம் கைமாறியது. வரிசை வீடுகளான லயங்களை இடித்துவிட்டுத் தொழிலாளர்களுக்குத் தாமானில் ஆளுக்கொரு மலிவு வீடு என்று முடிவானது. யாருக்கு எந்த வீடு என்பதற்குப் பிஸ்கட் டின்னில் சீட்டுக் குலுக்கல். அன்றைக்குப் பார்த்துக் காட்டுக்குள் புகை. பரணை விட்டு இறங்க முடியாது. தன் பங்குக்கும் சேர்த்துச் சீட்டு எடுக்கச் சொல்லி, ஆறு வயது மூத்த உடன்பிறந்த அக்கா செல்லம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார்.

"மொதோ சீட்டு எனக்கு, ரெண்டாவது உனக்குன்னு தெளிவா சொல்லி அனுப்புனேன் தம்பி. மேலேயிருந்து தொலைநோக்கியில பாக்குறேன். டின்னுக்குள்ள கைய விடுறா. மொதோ சீட்டு எடுத்து வலது கையில வச்சுக்கிறா. ரெண்டாவத இடது கையில. சாயங்காலம் வந்து இடது கைய நீட்டுறா! மூலை வீடு அவளுக்காம். எனக்குச் சாக்கடையோரமாம்!"

"யார்கிட்ட சொல்லி அனுப்பினீங்க?"

புஷ்பவள்ளி தாடையால் லாரிப் பக்கம் காட்டினார்.

சன்னாசி டயரைச் சுற்றி மறுபக்கம் போய்விட்டிருந்தார். நானும் சுற்றிப் போனேன்.

"அண்ணே, நீங்க சொன்னீங்களா அவங்ககிட்ட? மொதோ சீட்டு இவங்களுக்குன்னு?"

அவர் வெகுநேரம் யோசித்தார். இருபத்து மூன்று வருடம் யோசித்தவருக்கு இன்னும் இரண்டு நிமிடம் பெரிதில்லை.

"ஞாபகம் இல்ல," என்றார்.

அந்தச் சீட்டைப் புஷ்பவள்ளி வாங்கவே இல்லை. கெடு முடிந்து சாக்கடையோர வீடு வேறு யாருக்கோ போனது. குலுக்கல் நடந்த அன்று சாயங்காலமே மலையடி முனியாண்டி முன்னால் போய் நின்று, கற்பூரம் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்து, அக்கா காதில் விழும்படி சத்தியம் பண்ணினார்: "உன் வாசல இனி இந்தக் கண்ணால பாக்க மாட்டேன்."

பண்ணும்போது ஒன்றை மறந்துவிட்டார். பரண் மேலேயிருந்து அந்த வாசல் தெரியும்.

தெரியும் என்பது மறுநாள் காலை நாலு படி ஏறியபோது நினைவுக்கு வந்தது. இறங்கியவர்தான். வேலையை விட்டார். கோலா சாவாவுக்குப் போக, தாமானைத் தொடாமல் தோட்டத்துக்குள் சுற்றிக்கொண்டு நாலு மைல் கூடுதலான பாதையில்தான் இன்றுவரை போகிறார். இலாகா வந்து, பரணைப் பற்றித் தெரிந்தவர் யார் என்று கேட்டபோது எல்லாரும் இவரைக் காட்டினார்கள். குடியிருக்கக் குவார்ட்டர்ஸும் கொடுத்தார்கள். ஏற வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

இப்போது சொல்லிவிட்டார்கள். அடுக்களை அலமாரியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். வருகிற மாதத்திலிருந்து இலாகாவின் பேட்ஜ் உள்ளவர்கள்தாம் வழிகாட்டலாம். வழிகாட்டி, வந்தவர்களோடு மேடையிலேயே நிற்க வேண்டும். வருகிற வியாழன் காலை பத்து மணிக்குப் பரிசோதனை, உச்சியில், நான்கு திசைக்கும். பேட்ஜ் இல்லாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் குவார்ட்டர்ஸும் இல்லை.

"வேற வீடு?"

"வேற வீடு ஏது தம்பி? இருந்த ஒண்ணைத்தான் வீம்புக்கு விட்டுட்டேனே."

"முனியாண்டிகிட்ட சொல்லிச் சத்தியத்தைத் திரும்ப வாங்கிக்க முடியாதா?"

"பூசாரிகிட்ட கேட்டேன். முடியுமாம். ரெண்டு பேரும் சேந்து வந்து தேங்காய் ஒடைக்கணுமாம்." சேர்ந்து என்ற சொல்லை, சோற்றில் கல் கடித்த முகத்தோடு சொன்னார். "அதுக்கு இவரு லாரிக்குள்ளயே குடும்பம் நடத்தலாம்."

அவரிடம் வேறு திட்டங்கள் இருந்தன. கிழக்குப் பக்கம் வரும்போது கண்ணை மூடிக்கொள்வது. அல்லது, 'இன்னைக்கு அந்தப் பக்கம் மூட்டம்' என்று சொல்வது. அல்லது, குதிரைக்குக் கட்டுவது போல் கண்ணோரம் அட்டை கட்டிக்கொள்வது. அட்டையைக் கட்டியும் காட்டினார். பிஸ்கட் பெட்டியை வெட்டியது. நான் சிரிக்கவில்லை என்று இங்கே எழுதினால் அதையும் நீங்கள் வதந்திக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

தாமானுக்குப் போனேன். வதந்தியைச் சரிபார்க்கக் கிளம்பியவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால், இல்லைதான்.

நீலத் தகரத்துக்குக் கீழே செல்லம்மா மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். அறுபத்து நாலு வயது. தங்கையின் முகத்தை எடுத்து, அதில் கொஞ்சம் மாவு சேர்த்துப் பிசைந்தது போன்ற முகம். நான் யார், எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னதும் மிளகாய் முறத்தைக் கீழே வைத்தார்.

"நான் ஒண்ணும் சத்தியம் பண்ணல. அவதான் பண்ணா."

"தெரியும்."

"நான் ஒண்ணும் திருடல. மொதோ சீட்டு மூத்தவளுக்குன்னு நெனச்சு எடுத்தேன். சொல்லி அனுப்புனாளாம்! யாருகிட்ட? அந்த மனுசன் வாயத் தொறந்து நான் கல்யாணத்தன்னைக்கு ஒரு தடவை பாத்தேன். அதுவும் கொட்டாவி!"

"வலது கையில வச்சதை..."

"வலது கையா? பரணைப் பாத்து நின்னுக்கிட்டுத்தானே சீட்டு எடுத்தேன்? எதிர்ல நிக்கிறவளுக்கு என் வலது எது, இடது எதுன்னு என்னா தெரியும்? அவ்வளவு ஒசரத்துல குந்திக்கிட்டு!"

சரிபார்க்கவும் வழியில்லை. சீட்டுகள் கரையான் தின்று எத்தனையோ வருடம் ஆகிறது.

கொஞ்ச நேரம் மிளகாயைப் புரட்டினார். பிறகு அவருடைய முறை வந்தது.

"கால் வீங்குதா அவளுக்கு? அம்மாவுக்கு அம்பத்தெட்டுலதான் வீங்க ஆரம்பிச்சது."

"பூட்ஸ் போட்டிருந்தாங்க, தெரியல."

"பூட்ஸா? இந்த வெயில்லயா? சொன்னாலும் கேக்கமாட்டா." அண்ணாந்து மலையைப் பார்த்தார். அங்கிருந்து பரணின் மேடை, தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. "டெய்லி பாப்பேன் தம்பி. யார் யாரோ ஏறி நிக்கிறாங்க. இவதான் ஏறமாட்டேங்கிறா."

வியாழக்கிழமையைப் பற்றிச் சொன்னேன். பேட்ஜ், குவார்ட்டர்ஸ், கண்ணோரத்து அட்டை எல்லாவற்றையும் சொன்னேன். முனியாண்டிக்கு இரண்டு பேரும் சேர்ந்து போய்த் தேங்காய் உடைப்பதைப் பற்றியும் சொல்லிப் பார்த்தேன்.

"அவ வந்து கூப்புடட்டும், வர்றேன்."

"அவங்க எப்படி வந்து கூப்பிடுவாங்க? வாசலைப் பார்க்கக் கூடாதே."

"அது அவ பாடு," என்றார். இரண்டு பேருக்கும் ஒரே தாய் என்பதற்கு மருத்துவச் சான்றிதழ் எதுவும் தேவைப்படவில்லை. கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். செல்லம்மா மிளகாயை விட்டுவிட்டு, வாசலின் ஓரத்தில் நின்று கையால் முழம் போட்டுக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை இலாகாவிலிருந்து யோகேந்திரன் என்ற அதிகாரி வந்தார். முப்பது வயது இருக்கும்; இஸ்திரி போட்ட சட்டை, கிளிப் வைத்த பலகை. பரணை அண்ணாந்து பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தம் கொஞ்சம் குறைந்தது. "லிஃப்ட் ஏதும்..." என்று ஆரம்பித்து அவரே நிறுத்திக்கொண்டார்.

புஷ்பவள்ளி பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, முனியாண்டி இருந்த திசைக்கு ஒரு கும்பிடு போட்டார். கைலிக்குப் பதில் அன்றைக்குச் சேலை. அட்டையைக் காணோம். ஒவ்வொரு படியையும் எண்ணிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் ஏறினார். பின்னால் அதிகாரி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு. அவருக்குப் பின்னால் நான். சன்னாசி கீழே நின்று லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார், யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல.

மேற்குக்கு எந்தக் குறையும் இல்லை. தெற்கும் நன்றாகப் போனது. வடக்கில் மலைகளின் பெயரை அவர் ஒன்றொன்றாகச் சொல்ல, அதிகாரி மலையைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துக் குறி போட்டுக்கொண்டே வந்தார். கிழக்குக்கு மட்டும் புஷ்பவள்ளி முதுகைக் காட்டியே நின்றார்.

"அம்மா, கிழக்கு?"

"சொல்றேன் சார். கிழக்கே தாமான். நாப்பத்து நாலு வீடு."

"திரும்பி நின்னு, கையைக் காட்டிச் சொல்லணும்மா. படிவத்துல அப்படித்தான் இருக்கு."

அவர் நகரவில்லை. காற்றில் சேலை முந்தானை மட்டும் கிழக்குப் பக்கம் பறந்தது. அதிகாரி பேனாவைக் காகிதத்தின் மேல் கொண்டுபோனார்.

நான்தான் எட்டிப் பார்த்தேன்.

"அக்கா," என்றேன். "வாசல் தெரியல."

"பொய் சொல்லாதீங்க தம்பி."

"சத்தியமா தெரியல. திரும்பிப் பாருங்க."

ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு திரும்பினார். இரண்டு விரலை, நூல் கோர்க்கிற அளவுக்கு விலக்கினார். பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு கையே கீழே இறங்கிவிட்டது.

மூலை வீட்டின் நீலத் தகரத்திலிருந்து தரைவரை, இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண்வரை, சேலைகள். ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்த ஏழெட்டுச் சேலைகள். மஞ்சள், ஊதா, சிவப்பு, கட்டம் போட்டது, பூப் போட்டது. காற்றில் ஒரு மூலை கிளம்பும்போதெல்லாம், பின்னாலிருந்து ஒரு கை அதை இழுத்துப் பிடித்துக்கொண்டது. வாசல் என்று ஒன்று அங்கே இருப்பதற்கான அடையாளமே இல்லை.

புஷ்பவள்ளி வெகுநேரம் பார்த்தார்.

"என்னம்மா அது?" என்று கேட்டார் அதிகாரி, பார்க்காமலே.

"அது... மூலை வீடு சார். துணி கட்டி மறைச்சிருக்காங்க." "ஏதோ விசேஷம் போல."

அதிகாரி 'விசேஷம்' என்று எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு புஷ்பவள்ளி கிழக்கை விடவில்லை. லயங்கள் எந்த வரிசையில் நின்றன, பிள்ளைகள் எந்த ஓடையில் குளித்தார்கள், பால் நிறுக்கும் கொட்டகை எங்கே இருந்தது, குலுக்கல் நடந்த ஆலமரம் எது என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னார். மூன்று திசைக்கும் சேர்த்து ஆன நேரத்தைவிட அது ஒன்றுக்கு அதிகம் ஆனது. "போதும்மா, போதும், இறங்கலாம்," என்று அதிகாரி மூன்று தடவை கெஞ்ச வேண்டியிருந்தது. இறங்கும்போது, பாவம், அவர் புஷ்பவள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். பேட்ஜ் கீழே வந்ததுமே கிடைத்துவிட்டது.

இது இத்தோடு முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. பேட்ஜ் வாங்கியவர் இனி தினமும் மேலே போக வேண்டும். அதனால் சேலைகளைச் செல்லம்மா அவிழ்க்கவே இல்லை. தபால்காரர் சேலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார். சமையல் கேஸ் தோம்பு கொண்டு வருகிறவன் எந்தச் சேலை கதவு என்று தேடுகிறான். மழை வந்தால் மூலை வீட்டுக்கு முன்னால் ஏழெட்டுக் கலரில் தண்ணீர் ஓடுகிறது. தாமானில் இப்போது புதிதாக ஒரு வதந்தி: அந்த வீட்டில் சாமி வந்திறங்கியிருக்கிறதாம்.

மறுவாரம் நான் போனபோது செல்லம்மா சேலைக்குப் பின்னாலிருந்தே பேசினார். தங்கை பாஸ் பண்ணியதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. "பூட்ஸ கழட்டுனாளா?" என்று மட்டும் கேட்டார். கழற்றினார் என்றேன். பிறகு வேறு ஒரு விஷயம் வந்தது.

"அன்னைக்கு மூணு மணி நேரம் துணியப் புடிச்சிக்கிட்டு நின்னேன் தம்பி. மீன் வேன் வந்து ஹாரன் அடிச்சான், அடிச்சான், போயிட்டான். ரெண்டு கிலோ கெம்போங் மீன் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். வேற யாருக்கோ குடுத்துட்டானாம். அந்த ரெண்டு கிலோ அவ தரணும். சொல்லுங்க."

மேலே போய்ச் சொன்னேன். புஷ்பவள்ளி இடுப்பில் கைவைத்துக்கொண்டார். சட்டையில் பேட்ஜ் மின்னியது.

"ரெண்டு கிலோவா? வீட்ல இருக்கிறது ரெண்டு பேரு! ஒரு கிலோதான் வாங்குவா, எனக்குத் தெரியாதா?"

ஆனாலும் இரண்டு கிலோவே வாங்கினார். கோலா சாவாவில் பொறுக்கி எடுத்து, அலசி, மஞ்சள் தடவி, ஐஸ் பெட்டியில் வைத்தார். சன்னாசி லாரியில் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். அவர் சொன்னதே பெரிய விஷயம். செல்லம்மா வாங்க மறுத்துவிட்டார். சன்னாசி கையில் எதையும் கொடுத்தனுப்பினால் என்ன ஆகும் என்று இந்தக் குடும்பம் ஒரு தடவை பார்த்துவிட்டதாம். நான் கொண்டுபோகிறேன் என்றேன். என் கையிலும் வேண்டாமாம்.

"அவ கையால வரணும்," என்றது சேலை.

"நான் எப்படிப் போறது? துணி விலகுனா?" என்றார் மேலே புஷ்பவள்ளி. "அவ வந்து எடுத்துக்கிட்டுப் போகட்டும். இங்க வர்றதுக்கு அவளுக்கு எந்தச் சத்தியமும் இல்லையே?"

அதைக் கீழே போய்ச் சொன்னேன். சேலை ஒரு முறை உள்பக்கம் இழுபட்டது.

"எண்பத்து நாலு படியா அது?" என்று கேட்டது.

"குவார்ட்டர்ஸ் கீழதான் அக்கா இருக்கு. படியே ஏற வேண்டாம்."

"யோசிக்கிறேன்," என்றது.

அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வாரம் போய்விட்டது. மீன் கெட்டுப்போகுமே என்று புதன்கிழமை புஷ்பவள்ளி அதைக் குழம்பு வைத்துவிட்டார். சன்னாசி சாப்பிட்டார், நன்றாக இருந்தது என்றுகூடச் சொன்னாராம். இன்று காலை புஷ்பவள்ளி மறுபடி இரண்டு கிலோ வாங்கி, மஞ்சள் தடவி, ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறார். பாக்கி அப்படியேதான் இருக்கிறது.